யூஸ்டு கார் வாரண்டி: ஹெட் கேஸ்கட் போனதற்கு "உங்க கவனக்குறைவு" என்கிறார் டீலர். என்ன செய்யலாம்?

திருப்பூர்க்காரன்

வணக்கம். கோவையில் ஒரு யூஸ்டு கார் ஷோரூமில் மார்ச் மாதம் வண்டி எடுத்தேன். 2017 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். டெலிவரி அன்று ஓடோமீட்டர் 58,410. விலை 4,65,000 ரூபாய், அதில் 3 லட்சம் பேங்க் லோன். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு வருஷம் அல்லது 15,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி என்று கார்டு கொடுத்திருக்கிறார்கள். கார்டின் முன்பக்கம் டீலர் சீல். பின்பக்கம் கிளெய்ம் செய்வதற்கு வேறொரு வாரண்டி கம்பெனியின் பெயர்.

மூன்றாம் மாதம் அவர்களுடைய ஒர்க்‌ஷாப்பிலேயே சர்வீஸ் விட்டேன். ஜாப் கார்டில் "கூலன்ட் லெவல்: சரி" (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் அளவு) என்று டிக் இருக்கிறது.

போன வாரம் அவிநாசி பைபாஸில் போகும்போது டெம்பரேச்சர் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். ரெக்கவரி வண்டியில் ஏற்றி, திருப்பூரில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கிறேன். இப்போது ஓடோமீட்டர் 64,650. ஸ்டார்ட் செய்தால் நடுங்குகிறது, பின்னால் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்கிறார்கள். ஹெட் இறக்கி, ஃபேசிங் போட்டு (அதன் முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி), கேஸ்கட் செட் மாற்ற 38,000 எஸ்டிமேட்.

டீலர் போனில் சொன்ன மூன்று பதில்கள்: கேஸ்கட் வாரண்டியில் வராது, ஓவர்ஹீட் ஆனால் அது ஓட்டியவர் கவனக்குறைவு, எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தால் பிரித்துப் பார்க்கிறோம், பிரிக்கும் கூலி உங்களுடையது.

இதில் எது செல்லும், எது செல்லாது? அடுத்து என்ன செய்யணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஸ்பானர்_செட்

முதல் வேலை: எஞ்சினை யாரும் பிரிக்கக் கூடாது. உங்கள் ஆளும் பிரிக்கக் கூடாது, அவர்கள் ஆளும் பிரிக்கக் கூடாது. ஹெட் கேஸ்கட் போனதைப் பற்றி இங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏன் போனது என்பதுதான் வழக்கு. அந்தக் காரணம் ஹெட்டை இறக்குவதற்கு முன்னால்தான் தெரியும். கூலன்டைத் திறந்து கீழே விட்டு, ஹோஸைக் கழற்றி, பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்த பிறகு எதைக் காட்டுவீர்கள்?

எஞ்சினைப் பிரிக்காமலே செய்யக்கூடிய சோதனைகள் நான்கு. வரிசை முக்கியம்.

ஸ்கேனர் முதலில். கோடுகளை (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண்கள்) அழிக்கச் சொல்லாதீர்கள். பேட்டரி வயரையும் கழற்ற விடாதீர்கள். பி0217 என்ற ஓவர்ஹீட் கோடு பதிவாகியிருந்தால் அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு தகவலும் இருக்கும்: கோடு விழுந்த நொடியில் கூலன்ட் வெப்பம், ஆர்.பி.எம்., வேகம். இதைவிட உங்களுக்கு முக்கியமான எண்கள் இரண்டு. ஒன்று, எஞ்சின் விளக்கு எரிந்த பிறகு ஓடிய தூரம். இரண்டு, கோடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம். முதல் எண் ஒன்றோ இரண்டோ கிலோமீட்டராக இருந்தால் "சூடேறிய வண்டியை ஓட்டிக்கொண்டே போனார்" என்ற வாதம் அடிபடும். டெம்பரேச்சர் விளக்கு வேறு, எஞ்சின் செக் விளக்கு வேறு. இந்தக் கணக்கு எஞ்சின் விளக்குக்கு மட்டும்தான். ஓவர்ஹீட் கோடுக்கு அந்த விளக்கு எரியாத வண்டிகளும் உண்டு. அப்படியென்றால் ரெக்கவரி வண்டி பில்லில் இருக்கும் நேரம், நீங்கள் டீலருக்கு முதலில் போன் செய்த நேரம் இரண்டையும் வைத்து நிரூபிக்க வேண்டும். இரண்டாவது எண்ணை நீங்கள் ஓட்டிய தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பதிவு எண், தேதி, ஓடோமீட்டர், சர்வீஸ் சென்டர் சீல் இருக்கட்டும்.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கூலன்டை நிரப்பி, மூடிக்குப் பதில் கைப்பம்பை மாட்டி, மூடியின் மேல் அச்சடித்திருக்கும் அளவுக்கு (சிறிய கார்களில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார்) ஏற்றி 15 நிமிடம் விடுவார்கள். முள் இறங்கினால் எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்: வாட்டர் பம்ப் கீழே உள்ள சிறு துளை, வாட்டர் பாடி (எஞ்சினில் கூலன்ட் ஹோஸ் மாட்டும் பகுதி) ஜாயின்ட், ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் ஓரம், உள்ளே ஹீட்டர் பக்கத்து கார்ப்பெட். வெளியே எங்கும் கசியாமல் முள் இறங்கினால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. ரேடியேட்டர் மூடியையும் தனியாக அதே பம்பில் சோதிக்கச் சொல்லுங்கள். சின்னப் பொருள் என்று விட்டுவிடுவார்கள்.

மூன்றாவது, கூலன்டில் எஞ்சினுக்குள் எரிந்த வாயு இருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் அந்தக் குழாயை வைத்து, ஐடிலில் ஓடவிட்டு, மேலே வரும் காற்றை உறிஞ்சுவார்கள். நீலம் மஞ்சளானால் சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். கூலன்ட் மட்டத்தைச் சற்றுக் குறைத்து வைக்க வேண்டும். திரவத்துக்குள் கூலன்ட் ஏறிவிட்டால் சோதனையே செல்லாது. மறுபடி சூடேறாதபடி இரண்டு, மூன்று நிமிடத்தில் முடித்து அணைக்கணும்.

கடைசியாக கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற அளவு. எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, நல்ல பேட்டரியோடு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு மட்டும் கீழே இருந்தால், இடையில் கேஸ்கட் எரிந்திருக்கிறது.

இனி கண்ணால் பார்க்க வேண்டியவை. எல்லாவற்றையும் நம்பர் பிளேட்டில் தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். கூலன்ட் நிறம் என்ன? துருப் பிடித்த பழுப்பு நிறத்தில் இருந்தால் நீண்ட நாளாக வெறும் தண்ணீர் ஓடியிருக்கிறது. ரேடியேட்டர் வாயில் விரலை விட்டால் மண் போலவோ மினுமினுப்பாகவோ ஏதாவது ஒட்டுகிறதா? கசிவை அடைக்கும் மருந்து ஊற்றியிருக்கலாம். வாட்டர் பாடி, பம்ப் ஜாயின்ட்களில் சாம்பல் நிற சிலிக்கான் பிதுங்கியிருக்கிறதா, போல்ட் தலைகளில் ஸ்பானர் தேய்ந்த தடம் உண்டா? துருப் பழுப்பும், சிலிக்கான் கருத்து இறுகித் தூசி படிந்திருப்பதும் பழைய வேலையைக் காட்டலாம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. துணைச் சான்றாகத்தான் எடுக்கணும்.

"கூலன்ட் பார்க்காதது உங்கள் தவறு" என்பதற்கும் பதில் இருக்கிறது. உங்கள் வண்டியில் ரேடியேட்டருக்கு மேலே மூடி, தள்ளி ஒரு பிளாஸ்டிக் பாட்டில் என்ற அமைப்பா என்று பாருங்கள். அந்த அமைப்பில் மூடி பழுதானாலோ மேலே ஒரு ஜாயின்ட் காற்று இழுத்தாலோ, குளிரும்போது பாட்டிலில் இருந்து கூலன்ட் திரும்பி ரேடியேட்டருக்குப் போகாது. பாட்டிலில் மேக்ஸ் கோடு வரை இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். வாரா வாரம் பாட்டிலைப் பார்க்கும் ஓனருக்குக்கூட இது தெரியாது. சூட்டில் திறக்காதே என்று மூடி மேலேயே எழுதியிருப்பதால் யாரும் தினமும் திறந்து பார்ப்பதும் இல்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருப்பதால் இன்னொன்றும் கேளுங்கள்: இந்த வண்டியின் பழைய சர்வீஸ் ஹிஸ்டரி. நீங்கள் வாங்குவதற்கு முன்னால் "கூலன்ட் கசிவு", "வாட்டர் பம்ப் மாற்றப் பரிந்துரை" என்று ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மனு_எழுதுபவர்

ஸ்பானர்_செட் சொன்னதை முடித்துவிட்டுத்தான் எழுத்து வேலை. டீலரிடம் இனி போனில் வாதாட வேண்டாம். போனில் சொன்ன மூன்று மறுப்பும் நாளைக்கு "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" ஆகிவிடும். ஒரே ஒரு கேள்வியை மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்: "என் கிளெய்மை வாரண்டி கார்டின் எந்த விதி எண்ணின் கீழ் மறுக்கிறீர்கள்? எழுத்தில் தெரிவிக்கவும்." நிறைய கிளெய்ம்கள் இந்த இடத்திலேயே இளகும். எழுத்தில் மறுப்பதற்கு ஒரு விதி வேண்டும், விதியை எழுதினால் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

கார்டை எடுத்து நான்கு இடத்தைப் படியுங்கள். வாரண்டி தருபவர் யார், டீலரா அந்தக் கம்பெனியா? விலக்குப் பட்டியலில் "கேஸ்கட்" என்ற சொல் தனியாக இருக்கிறதா, அல்லது "தேய்மானப் பொருட்கள்" என்று மட்டும் இருக்கிறதா? பழுது தெரிந்து எத்தனை நாளில் தகவல் தர வேண்டும்? எந்த ஒர்க்‌ஷாப், முன் அனுமதி வேண்டுமா?

தகவல் நாள்தான் பலரை வீழ்த்துவது. மூன்று நாள், ஏழு நாள் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் போன் செய்த கால் ஹிஸ்டரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்றைக்கே ஒரு மெயிலும் அனுப்பிவிடுங்கள். முன் அனுமதி விதி இருந்தால், அனுமதி கேட்டதற்கான எழுத்துச் சான்று இல்லாமல் சொந்தக் காசில் ரிப்பேர் செய்து பில்லை நீட்டினால் தோற்பீர்கள்.

கேஸ்கட் பற்றி. "கேஸ்கட்கள், சீல்கள் சேராது" என்று தெளிவாக எழுதியிருந்தால் கேஸ்கட்டின் விலையை விட்டுவிடுங்கள். 38,000-த்தில் கேஸ்கட் செட் ஒரு பகுதிதான். ஹெட் வளைந்திருந்தால் ஹெட் எஞ்சினின் பாகம். லேத் வேலை, கூலி, ஹெட் போல்ட் எல்லாம் தனித் தனி வரி. எஸ்டிமேட்டை வரி வரியாகப் பிரித்து வாங்குங்கள், மொத்தத் தொகையாக வாங்காதீர்கள்.

இன்சூரன்ஸில் முயற்சி செய்து நாளை வீணாக்க வேண்டாம். மோட்டார் பாலிசியின் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பகுதியில் மெக்கானிக்கல் பிரேக்டவுன் விலக்கப்பட்டது. லோன் தனி ஒப்பந்தம். கோபத்தில் இ.எம்.ஐ. நிறுத்தினால் சிபில் கெடும், டீலருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மெயிலுக்குப் பதில் வரவில்லை என்றால் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ். வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதலாம். ஸ்பீட் போஸ்ட், ஒப்புகையுடன். டீலருக்கு ஒன்று, வாரண்டி கம்பெனிக்கு ஒன்று. ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். அதனால் இருவரையும் எதிர்தரப்பாக வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அதே சமயம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அந்தப் பதிலும் எழுத்துச் சான்று என்பதால் பயன் உண்டு.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 35-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 34-ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. கோவைக்கு அலைய வேண்டியதில்லை, திருப்பூரிலேயே போடுங்கள். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். கட்டணமும் கொடுத்த விலையை வைத்துத்தான்: 5 லட்சம் வரை ஒன்றும் இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். உங்களுடையது 4,65,000, ஆகவே கட்டணம் கிடையாது. ஈ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. காலக்கெடு இரண்டு வருஷம், 69-ஆம் பிரிவு. சட்டம் மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும் என்று மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

வண்டியை வாடகைக்கு ஓட்டினீர்களா? வணிக நோக்கம் என்றால் "நுகர்வோர்" வரையறைக்குள் வராது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுவது மட்டும் விதிவிலக்கு.

திருப்பூர்க்காரன்

ரொம்ப நன்றிங்க. வண்டி வீட்டு உபயோகம் மட்டும்தான். விதி எண் கேட்டு மெயில் அனுப்பிய மறுநாளே ஷோரூமில் இருந்து போன் வந்தது. "பார்ட்ஸ் நாங்க, கூலி நீங்க, பாதிப் பாதி போட்டுக்கலாம், இல்லைன்னா வேற எஞ்சின் ஒண்ணு இருக்கு, மாத்தித் தர்றோம்" என்கிறார்கள்.

இன்னொரு சிக்கல். டெலிவரி நோட்டில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, பின்னர் எந்தப் புகாரும் ஏற்கப்படாது" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது, "பிராசஸில் இருக்கு" என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் வேறு, வேலைக்கு ஓகே சொல்லாவிட்டால் பத்து நாளுக்கு மேல் பார்க்கிங் சார்ஜ் என்கிறார்கள்.

பழைய_வண்டி_மேசை

ஷோரூம் பக்கத்து நடைமுறையைச் சொல்கிறேன், பேரம் பேசுவதற்கு உதவும்.

வண்டி விற்ற ஆளிடம் பேசிப் பயன் இல்லை. வாரண்டி செலவுக்கு ஓகே சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை, அதனால்தான் போனில் எல்லாவற்றுக்கும் "வராது" என்கிறார். கிளை மேனேஜர் அல்லது ஓனர் பெயருக்கு மெயில் போட வேண்டும். கிளெய்ம் பதிவு எண் கேளுங்கள். எண் இல்லை என்றால் அவர்கள் கணக்கில் உங்கள் கிளெய்ம் இன்னும் பிறக்கவே இல்லை.

பாதிப் பாதி என்பது கெட்ட பேச்சு இல்லை. ஆனால் "பார்ட்ஸ் நாங்கள்" என்றால் எந்தப் பார்ட்ஸ் என்று எழுதி வாங்க வேண்டும். மலிவான கேஸ்கட், பழைய போல்ட்டையே திரும்ப முறுக்குவது, ஃபேசிங் போடாமல் மூடுவது, இவைதான் நடக்கும். மூன்று மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் போகும். நான் கேட்கச் சொல்லும் பட்டியல்: ஒரிஜினல் கேஸ்கட் செட், புது ஹெட் போல்ட், லேத்தில் ஹெட்டுக்கு பிரஷர் டெஸ்ட், நேர்கோல் வைத்து வளைவு அளந்த எண் (பொதுவாக 0.05 மி.மீ. தாண்டினால் ஃபேசிங், சரியான அளவு அந்த எஞ்சின் மேனுவலில் இருக்கும்), புது தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப் கசிந்தால் அதுவும், கம்பெனி கூலன்ட், எஞ்சின் ஆயில், ஃபில்டர். கூலன்ட் ஆயிலில் கலந்திருந்தால் ஆயிலை ஒரு முறை மாற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி மாற்ற வேண்டும். அந்தச் செலவும் கணக்கில் வரட்டும்.

வேறு எஞ்சின் போட்டுத் தருகிறேன் என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். அது எங்கிருந்து வந்த எஞ்சின், எவ்வளவு ஓடியது, ஒன்றுக்கும் ஆதாரம் இருக்காது. எஞ்சின் நம்பர் மாறும். அதற்கு ஆர்.டி.ஓ. ஒப்புதலும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு விபத்தில் இன்சூரன்ஸ், விற்கும்போது என்.ஓ.சி. எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

கையெழுத்துக் கேட்கும் காகிதத்தில் "முழுத் தீர்வு, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று இருந்தால், அதை அடித்துவிட்டு "இந்த ரிப்பேருக்கு ஆறு மாத உத்தரவாதம்; மூல வாரண்டியின் மீதிக் காலம் தொடரும்; ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்கள் சேர்க்கப்படும்" என்று எழுதச் சொல்லுங்கள். நாட்களைச் சேர்ப்பதை மறுக்கலாம். முதல் இரண்டையும் விடாதீர்கள்.

ஆர்.சி. விஷயம் இந்தப் பழுதைவிடப் பெரியது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். பழைய ஓனர் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் தகவல் பதிய வேண்டும். பதிந்திருந்தால் அந்தக் காலத்துக்கு வண்டிக்குப் பொறுப்பு டீலர். உங்கள் மெயிலில் "அங்கீகாரச் சான்று நகலும் 29சி ஒப்புகையும் தரவும்" என்று ஒரு வரி சேருங்கள். இரண்டும் இல்லாத ஷோரூம் என்றால், அந்த ஒரு வரி 38,000-த்தைவிடக் கனமாக இருக்கும்.

மனு_எழுதுபவர்

டெலிவரி நோட் பற்றிப் பயப்பட வேண்டாம். "உள்ளது உள்ளபடி" என்ற வரி, வண்டியில் கீறல், டயர் தேய்மானம் போன்றவற்றில் உங்களைக் கட்டும். அதே நாளில் அதே டீலர் "எஞ்சினுக்கு ஒரு வருஷம்" என்று சீல் போட்டுக் கொடுத்த கார்டு தனி வாக்குறுதி. இரண்டையும் அருகருகே வைத்தால் கார்டு வெறும் காகிதம் என்று அவர்களே சொல்ல வேண்டி வரும். அப்படிச் சொன்னால், நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாரண்டி காட்டி விற்றதாக ஆகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு முறையற்ற வணிகம் என்று சொல்வதற்குள் இது வந்துவிடுகிறது. விளம்பரத்தில் வாரண்டி பற்றிப் போட்டிருந்தால் அதையும் இன்றைக்கே சேமித்து வையுங்கள், நாளைக்கு இருக்காது. வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் வைக்காமல் முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுங்கள்.

பார்க்கிங் சார்ஜ். தீர்ப்பு வரும்வரை வண்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, 38(2)(சி) பிரிவின் கீழ் ஆணையமே சோதனைக்கு உத்தரவிடக் கேட்கலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். எஞ்சினே போய் ஒன்றரை லட்சம் ஆகும் வழக்கில் அது சரி. 38,000 ரூபாய் வழக்கில் சரியில்லை. ஒரு வருஷம் வண்டி நின்றால் பேட்டரி, டயர், பார்க்கிங், மாற்று வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து கேட்கும் தொகையை முழுங்கிவிடும். அதுவும் கூலன்ட் கலந்த எஞ்சின் நின்றால் சிலிண்டர் துருப்பிடிக்கும்.

ஆகவே: சோதனை ரிப்போர்ட்டோடு நோட்டீஸ் கொடுங்கள். 15 நாளில் பதில் இல்லை அல்லது மறுப்பு வந்தால், ஒரு தேதி, நேரம், இடம் குறிப்பிட்டு "அன்று எஞ்சின் பிரிக்கப்படும், உங்கள் மெக்கானிக்கை அனுப்பலாம்" என்று ஏழு நாள் முன்னதாக எழுதுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் வீடியோவில் பிரித்து, சர்வீஸ் சென்டரிடம் காரணம் எழுதிய ரிப்போர்ட் வாங்கி, ரிப்பேர் செய்து, ஜி.எஸ்.டி. பில்லோடு பணத்தைக் கேளுங்கள். சர்வீஸ் சென்டரிடம் இந்தத் தேதிகளைச் சொன்னால் பார்க்கிங் சார்ஜில் விட்டுக்கொடுக்க வாய்ப்பு உண்டு. எழுதிக் கேளுங்கள். சார்ஜ் போட்டாலும் பில் வாங்குங்கள், அதையும் கேட்கலாம்.

திருப்பூர்க்காரன்

நேற்று எல்லாச் சோதனையும் முடிந்தது. முடிவுகள்:

ஸ்கேன்: பி0217. ஃப்ரீஸ் ஃப்ரேமில் கூலன்ட் 118 டிகிரி, வேகம் 46. எஞ்சின் விளக்கு எரிந்து ஓடிய தூரம் 1 கி.மீ. கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் 6,262 கி.மீ.

பிரஷர்: 1.1 பாரில் ஏற்றியதும் ஆறு நிமிடத்தில் 0.6. வாட்டர் பாடி ஜாயின்ட்டில் சொட்டுகிறது. அங்கே சாம்பல் சிலிக்கான், ஒரு போல்ட் மட்டும் வேறு மாதிரி தலை. மூடி 0.5-லேயே திறந்துவிடுகிறது.

நீலத் திரவம் மஞ்சளானது. கம்ப்ரஷன் (1 முதல் 4 வரை சிலிண்டர் வரிசையில்): 12.6, 8.1, 7.7, 12.4.

ரேடியேட்டர் பாட்டிலில் மேக்ஸ் கோடு வரை கூலன்ட் இருந்தது, வீடியோவில் இருக்கிறது. ரேடியேட்டரில் மூன்று லிட்டருக்கு மேல் பிடித்தது. பழைய ஹிஸ்டரியில் 51,000-க்குப் பிறகு கம்பெனி சர்வீஸே இல்லை.

ஸ்பானர்_செட்

கதை கோர்வையாக வருகிறது. வாட்டர் பாடியை யாரோ வெளியில் கழற்றி, கேஸ்கட்டுக்குப் பதில் சிலிக்கான் தடவி, கிடைத்த போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். அங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவு. மூடி அழுத்தம் தாங்காததால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும், ஜாயின்ட் காற்று இழுப்பதால் பாட்டிலில் இருந்து திரும்ப வரவும் முடியாது. பாட்டில் நிறைந்து ரேடியேட்டர் காலியானது அதனால்தான். கடைசியில் சூடேறி 2, 3 சிலிண்டருக்கு நடுவே கேஸ்கட் எரிந்தது. கேஸ்கட் விளைவு. காரணம் ஜாயின்ட்டும் மூடியும்.

6,262 எண்ணைக் கவனியுங்கள். நீங்கள் ஓட்டியது 64,650 கழித்தல் 58,410, அதாவது 6,240. டெலிவரிக்கு 22 கி.மீ. முன்னால் ஈ.சி.யூ.வில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) இருந்த கோடுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. நிறைய வண்டிகளில் பேட்டரி மாற்றினாலும் இந்த எண் சுழியத்துக்கு வரும். ஆகவே "மறைக்க அழித்தார்கள்" என்று எழுதாதீர்கள். "டெலிவரிக்கு 22 கி.மீ. முன் கோடுகள் அழிந்துள்ளன, அப்போது எந்தக் கோடுகள் இருந்தன, ஏன் அழிக்கப்பட்டன என விளக்கவும்" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

பிரிக்கும்போது அந்த வாட்டர் பாடி, நான்கு போல்ட், மூடி, கேஸ்கட் எல்லாவற்றையும் சர்வீஸ் சென்டர் பையில் போட்டு, பதிவு எண் எழுதி, வாங்கி வீட்டில் வையுங்கள். பழைய பாகங்களைக் கழிவில் போட்டுவிடுவார்கள். ஜாப் கார்டிலேயே "பழைய பாகங்கள் உரிமையாளரிடம்" என்று எழுதச் சொல்லுங்கள். சிலிக்கானைத் துடைக்க வேண்டாம்.

மனு_எழுதுபவர்

இவ்வளவும் கையில் இருக்கும்போது பாதிப் பாதிக்கு ஒத்துக்கொள்ளத் தேவை இல்லை. நோட்டீஸின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"மேற்படி வாகனத்தின் எஞ்சினுக்கு ஒரு வருடம் அல்லது 15,000 கி.மீ. வாரண்டி அளித்துள்ளீர்கள். 6,240 கி.மீ. ஓடிய நிலையில், ஐந்தாம் மாதத்தில் எஞ்சின் அதிக வெப்பமடைந்து பழுதானது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் வாகனம் நிறுத்தப்பட்டது என்பதை ஸ்கேன் அறிக்கையும் ரெக்கவரி ரசீதும் காட்டுகின்றன. பழுதின் காரணம் வாட்டர் பாடி இணைப்பில் இருந்த கசிவும் ரேடியேட்டர் மூடியின் பழுதும் என்று சர்வீஸ் சென்டர் அறிக்கை கூறுகிறது. அந்த இணைப்பு என் வசம் இருந்த காலத்தில் கழற்றப்படவில்லை. உங்கள் ஒர்க்‌ஷாப்பில் செய்த சர்வீஸின் ஜாப் கார்டில் கூலன்ட் சரி எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே இணைப்பில் கண்ட எஸ்டிமேட்டின்படி முழுச் செலவையும் ஏற்று, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஒப்புதல் தரவும். மறுத்தால் வாரண்டியின் விதி எண்ணைக் குறிப்பிடவும்."

"சர்வீஸ் சென்டர் அறிக்கை கூறுகிறது" என்று எழுதுவதற்கு முன்னால் அந்த வாக்கியம் உண்மையிலேயே அவர்கள் அறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். சோதனை எண்களை மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டுக் காரணம் எழுத மாட்டார்கள், வழக்கில் சிக்குவோமோ என்று தயங்குவார்கள். "கசிவு எங்கே காணப்பட்டது, மூடி எந்த அழுத்தத்தில் திறந்தது" என்று கண்டதை மட்டும் எழுதித் தரச் சொன்னால் தருவார்கள், அதுவே போதும். அப்போது நோட்டீஸிலும் "காரணம்" என்பதை எடுத்துவிட்டு "கசிவு காணப்பட்டது" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.க்கும் 29சி-க்கும் தனிக் கடிதம். இந்த நோட்டீஸோடு கலக்காதீர்கள்.